மேஸ்திரிம்மாவின் பென்சில் பட்டியல்

அன்று எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஓர் இரும்பு பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தோம். நகர்த்திக்கொண்டிருந்தோம் என்பது என் வழக்கமான மிகை. அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர் மூச்சு முட்டத் தள்ளினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "இடது, இடது, இன்னும் கொஞ்சம் இடது" என்றேன்.

வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இதுல சொல்றது யாரு, செய்யறது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தார். புடவைக்கு மேலே பச்சைக் கோட்டு, கொண்டையில் செருகிய அரை பென்சில், கக்கத்தில் மஸ்டர் என்கிற வருகைப் பதிவு நோட்டு. கடற்கரைப் பகுதித் தூய்மைப் பணியாளர்களின் மேஸ்திரி. காலையில் நாற்பது பேருக்கு ஆஜர் போட்டு, தெரு பிரித்துக் கொடுத்து, வேலை வாங்குவது அவர் பொறுப்பு. ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிம்மா.

"நான் சொல்றேன், இவங்க செய்யறாங்க" என்றேன், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

அவர் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த "ம்" எங்கேயோ பதிவாகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பீரோ கடைசியில் வலது பக்கச் சுவரோரம் போய் நின்றது. அதுதான் சுலபமாம்.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மேஸ்திரிம்மா உலகம் முழுவதையும் அளந்தார். வேறு அளவுகோல் அவரிடம் இல்லை. திருப்போரூரில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோது கூப்பிட்டிருந்தேன். வந்தவர் நேராகப் பந்திக்குப் போகாமல் பின்கட்டுக்குப் போனார். "இங்க சொல்றது யாரு?" என்று சமையல்காரரைக் கேட்டார். "நான்தாம்மா" என்றார் அவர். "செய்யறது?" பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கையைத் தூக்கினார்கள். மேஸ்திரிம்மா அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எனக்கு மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கள் ஆணையர் முன்வரிசையில் அவருக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். "ஏன் சார், அந்தம்மாவுக்கு என்மேல கோபமா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? நீங்க சொல்றவரு சார், அந்தம்மா செய்யறவங்களோட சாப்பிடறாங்க என்றா?

இப்படிப்பட்டவர்தான் எங்கள் நகராட்சி ஊழியர் சங்கத்துக்குத் தலைவர். அதில் நான் இணைச் செயலாளர். காரணம், எனக்கு டைப் அடிக்கத் தெரியும். வேறு தகுதி எதையும் யாரும் விசாரிக்கவில்லை.

எங்கள் ஊர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் சிறுசேரி கம்பெனிகளில் வேலை செய்கிற அத்தனை பேரும் குடும்பத்தோடு எங்கள் மணலில் வந்து தின்றுவிட்டு, தட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது. திங்கட்கிழமை அந்தத் தட்டுகளைப் பொறுக்க வேண்டும், ஆகவே திங்களும் கிடையாது. சங்கம் இரண்டு கோரிக்கை வைத்தது. ஒன்று, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இரண்டு, ஆளைக் கேட்காமல் வெளியூருக்கு மாற்றக் கூடாது. முதலாவது மேஸ்திரிம்மாவுடையது. இரண்டாவதை ராத்திரியோடு ராத்திரியாக டைப்பில் நுழைத்தவன் நான். புது வீட்டுக்கு இன்னும் வெள்ளையடித்த வாசனைகூடப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் என்னை அச்சரப்பாக்கத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. திருப்போரூரிலிருந்து அச்சரப்பாக்கம் போக மூன்று பஸ். அதில் ஒன்று எப்போதும் வராது.

விவகாரம் செங்கல்பட்டில் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் போனது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். முதல் நாளே நகராட்சித் தரப்பு வக்கீல் எழுந்து ஓர் ஆட்சேபம் போட்டார். சங்கம் தொழிலாளிகளுக்காகப் பேசலாம், ஆனால் வேலை வாங்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசக் கூடாது. மேஸ்திரிகள், கண்காணிப்பாளர்கள் எல்லாம் நிர்வாகத்தின் ஆட்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் பொருந்தாது.

கண்காணிப்பாளர்கள் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தின மாதம்தான் என்னைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பெயருக்குப் பின்னால் "பொறுப்பு" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். சம்பளம் பழையது, நாற்காலி மட்டும் புதியது. அதற்கே ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தவன் நான்.

அலுவலரம்மா சொன்னார்: "முதல்ல யாருக்காகப் பேசறீங்கன்னு முடிவு பண்ணுங்க. பேர், பதவி, உண்மையில என்ன வேலை, எல்லாம் எழுதி அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. ஆட்சேபம் இருந்தா அன்னிக்கே கேட்டுடறேன்."

நான் அன்றைக்குச் சாயந்திரமே பட்டியலை டைப் அடித்து முடித்துவிட்டேன். அலுவலக வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் ஒரு மணி நேர வேலை. மேஸ்திரிம்மா தாளை வாங்கி, பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, எல்லாப் பெயரையும் வேறு தாளில் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, என் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா சார் இது? யாரையும் பாக்காமலே எய்திகினு வந்துகீற?"

"பதவியப் பார்த்து எழுதினேம்மா."

"பதவி பெருக்குமா? வண்டிய எடு. போய்ப் பாத்துட்டு வரலாம்."

என் ஸ்கூட்டருக்கு வாயிருந்தால் அந்த வாரத்தைப் பற்றி அதுவே ஒரு புத்தகம் எழுதும். ஒவ்வோர் ஆளையும் அவர் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும், சும்மா நிற்கும்போது பார்த்தால் செல்லாது. குடிநீர் வால்வு திறப்பவருக்காகக் காலை ஐந்து மணிக்கு மேல்நிலைத் தொட்டியடியில் நின்றோம். அவர் வந்தார், திறந்தார், எங்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போனார். "இவருக்குச் சொல்றவனும் இல்ல, இவரு சொல்லி கேக்கறவனும் இல்ல. உள்ள" என்று டிக் அடித்தார் மேஸ்திரிம்மா.

குப்பை வண்டியில்தான் சிக்கல். டிரைவர் பெரியவர், கிளீனர் அவருக்குக் கீழே. ஆனால் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று, "வா வா வா, ஒடி, ஒடி, ஹோல்டேய்!" என்று கத்த, டிரைவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். மேஸ்திரிம்மா அங்கேயே குந்திவிட்டார். அப்படியானால் கிளீனர் மேற்பார்வையாளரா? இதை யோசிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. வெயில் ஏறியது. அன்று எனக்கு ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துபோயிற்று.

"மேஸ்திரிம்மா, ரெண்டு பேரையும் எழுதிடுவோமே. பேஜாரு புடிச்ச விஷயம்" என்றேன்.

"நீ கம்முனு இரு சார்." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "அவன் சொல்லலன்னா வண்டி காவாய்க்குள்ள பூடும். அது சொல்றது இல்ல, அதுவும் வேலதான். ரெண்டு பேரும் உள்ள."

சிரிக்கலாம், ஆனால் இதே பென்சில் ஒரு பெண்ணை அழவும் வைத்தது. ஆணையரின் அறையில் கடிதம் டைப் அடிக்கிற பெண். நல்ல பெண், சங்கத்துக்குச் சந்தா தவறாமல் கட்டியவள். மேஸ்திரிம்மா அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

"நாங்க இன்னா கேக்கப் போறோம்னு உனுக்குத் தெரியும். அவங்க இன்னா பதில் சொல்லப் போறாங்கன்னும் நீதானம்மா அடிக்கிற? ரெண்டையும் வச்சிகினு நீ எங்க போய் உக்காருவ?"

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேங்க்கா."

"சொல்ல மாட்ட, எனுக்குத் தெரியும். அந்தப் பேஜாருல உன்ன எதுக்கு மாட்டணும்?"

பெயரை ரப்பரால் அழித்தார். அந்தப் பெண் மேசையில் தலையை வைத்து அழுதாள். மேஸ்திரிம்மா வெளியே போய் மோர் வாங்கி வந்து, முதுகைத் தடவிக் குடிக்க வைத்தார். பெயரை மட்டும் மறுபடி எழுதவில்லை. எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். இந்த ரப்பர் நாளைக்கு என் பக்கம் வராது என்று என்ன நிச்சயம்?

வியாழக்கிழமை வரை என் பெயருக்கு எதிரே கேள்விக்குறி அப்படியே இருந்தது. அவர் பெயருக்கு எதிரேயும் இருந்தது. நான் என் வேலையைப் பற்றி மூன்று பக்கம் டைப் அடித்தேன். முதல் பக்கத்தில் எனக்கு அதிகாரமே இல்லை என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அவமானமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் அதிகாரம் சேர்த்தேன். பயமாக இருந்தது. மூன்றாம் பக்கம் முதல் இரண்டு பக்கங்களுக்கும் மறுப்பு. என் மனைவி எட்டிப் பார்த்து, "பட்டியல்ல பேரு இல்லன்னா இன்னா, உசுரா பூடும்?" என்றாள். "மூணு பஸ்ஸுடி" என்றேன்.

மேஸ்திரிம்மா விஷயம் இன்னும் மோசம். வக்கீலின் ஒரே ஆதாரம் மஸ்டர் நோட்டு. ஆஜர் போடுகிறவர் மேற்பார்வையாளர், முடிந்தது கதை. மேஸ்திரிம்மா பட்டியலுக்கு வெளியே போய்விட்டால் சங்கத்துக்காகப் பேச ஆள் இல்லை. நான்தான் பேச வேண்டும். அதை நினைத்தபோது மாத்திரையை இரண்டாகப் போட்டேன். அவர் குப்பத்துக்கே நேரில் போனேன்.

கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் இருபது இருபது பேர். ஓர் ஆள் "ஏலேலோ" குரல் கொடுக்க, மற்றவர்கள் இழுத்தார்கள். மேஸ்திரிம்மா மணலில் கூடையோடு நின்றிருந்தார். அவர் புருஷனும் அந்தக் கயிற்றில்தான் இருந்தார்.

"ஒரே ஒரு வாரம்மா. மஸ்டரை வேற யார் கையிலயாச்சும் குடுத்துடுங்க. கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்."

"கையில கீறத்த இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா!"

"என் தங்கச்சிக்கே ஆப்சென்ட் போட்ட நோட்டு அது."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அவர் தங்கையும் நாற்பது பேரில் ஒருத்தி. ஒருநாள் நாத்தனார் வீட்டு வளைகாப்பு என்று சொல்லாமல் இருந்துவிட்டாள். அக்காள்தானே மேஸ்திரி என்று தைரியம். அக்காள் ஆப்சென்ட் போட்டார். தங்கை எட்டு மாதம் பேசவில்லை.

நான் மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். "அதோ அந்தாளு குரல் குடுக்கறாரே, அவரு சொல்றவரா, செய்யறவரா?" என்று கேட்டேன், மடக்குகிற நினைப்பில்.

"அவன் கையில கயிறு கீதா பாரு" என்றார், திரும்பாமலே.

இருந்தது. குரல் கொடுத்தவரும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார். இதை நாளைக்கு அங்கே எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லித்தரவில்லை. வலை கரையேறியதும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் எனக்கு வேர்த்தது. வக்கீல் எழுந்தார்.

"மஸ்டர் யார் கையில இருக்கு?"

"என் கையில."

"ஆப்சென்ட் போடறது?"

"நான்தான்."

"சொந்தத் தங்கச்சிக்கே போட்டீங்களாமே?"

"வரல. போட்டேன்."

மேசைக்கு அடியில் மேஸ்திரிம்மாவின் காலை மிதித்தேன். அது வக்கீலின் கால் என்பது அவர் என்னைப் பார்த்தபோது தெரிந்தது.

"கடைசிக் கேள்வி. நீங்க நிறுத்துன்னு சொன்னா நாற்பது பேரும் வேலைய நிறுத்துவாங்களா?"

நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். தலை மட்டுமில்லை, நாற்காலியே ஆடியது. ஒரு சின்னப் பொய் போதும். மாட்டாங்க என்று ஒரு வார்த்தை.

"நிறுத்துவாங்க" என்றார் மேஸ்திரிம்மா.

வக்கீல் விருந்து சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கண் முன்னால் மதுராந்தகம் தாண்டி அச்சரப்பாக்கத்துக்கு ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நான் நின்றுகொண்டு போனேன்.

அலுவலரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்லி ஒருத்தங்க செய்யலைன்னா? மெமோ குடுப்பீங்களா?"

"மெமோ குடுக்கறதெல்லாம் ஆபீஸ்ல மேடம். எனுக்கு இன்னா தெரியும்?"

"அப்ப என்ன செய்வீங்க?"

"தொடப்பத்த எடுத்து நானே பெருக்கிடுவேன். தெரு காத்துகினா இருக்கும்?"

வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்படின்னா வராத ஆளுக்கு வேலை நடந்ததா காட்டி..."

"ஆப்சென்ட் ஆப்சென்ட்தான் சார். தங்கச்சி வராத அன்னிக்கு அவ தெருவையும் நான்தான் பெருக்கனேன், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடல் வரிக்கும். நோட்டுல அவளுக்கு ஆப்சென்ட்டுதான் கீது. எடுத்துப் பாரு."

மஸ்டர் நோட்டை மேசையில் தள்ளினார். அலுவலரம்மா அதைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியில், நாற்பது பேருக்கும் கீழே, மேஸ்திரிம்மாவின் பெயர் இருந்தது. அதற்கு எதிரே எந்தத் தெரு என்றும் எழுதியிருந்தது.

அலுவலரம்மா ஏதோ எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கண்காணிப்பாளர் பொறுப்பு. ஆபீஸ்ல உங்க பேச்சைக் கேக்கறாங்களா?"

மூன்று பக்கத்தையும் எடுத்தேன். கேக்கறாங்க என்று சொன்னால் அச்சரப்பாக்கம். கேக்கறதில்லை என்று சொன்னால், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆபீஸ் ஆட்கள் ஜென்மத்துக்கும் விடமாட்டார்கள். மூன்றாம் பக்கத்தை எடுத்து மேலே வைத்தேன்.

"அவர ஏன் மேடம் கேக்கற, பாவம்" என்றார் மேஸ்திரிம்மா. "அன்னிக்கு பீரோவ இடது இடதுன்னு கத்திகினு கெடந்தாரு. அது இன்னிக்கும் வலதுலதான் கீது. வந்து பாரு."

அறையே சிரித்தது. வக்கீலும் சிரித்தார், மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே. அலுவலரம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பத்து நாளில் உத்தரவு வந்தது. மேஸ்திரிகள் உள்ளே. நானும் உள்ளே. என்னைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது: "இவரது கட்டளைகளுக்கு அலுவலகத்தில் நடைமுறை விளைவு இருப்பதாகத் தெரியவில்லை." மனைவி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

இரண்டு கோரிக்கைகளோடும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தெருத்தெருவாக ஆளுக்கொரு நாள் ஓய்வு பிரித்தார்கள். மேஸ்திரிம்மாவுக்குப் புதன்கிழமை வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் வார லீவு. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "தூங்கினேன். மத்தியானம் எய்ந்து, சொம்மா தெருவப் பாத்துட்டு வந்தேன். ஒயுங்காதான் பெருக்கிகீறாங்க" என்றார்.

அடுத்த வருஷம் எனக்கு முறையான பதவி உயர்வு வந்தது. அடைப்புக்குறி போய்விட்டது. நகராட்சி அந்தப் பட்டியலைத் தொடவில்லை, வக்கீலுக்கு என் முகமே மறந்திருக்கும். இனிமேலும் நான் அதில் இருக்கலாமா என்று நானாக யாரையும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை மேஸ்திரிம்மா வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் நோட்டு, கொண்டையில் பென்சில்.

"இன்னா மேஸ்திரிம்மா, லீவு நாள்ல?"

"நீ உன் வேலையப் பாரு சார். சொம்மா வந்தேன்."

சும்மா வருகிற ஆளா அவர்? அன்று காலை முழுவதும் நான் யாரையும் எதுவும் ஏவவில்லை. ஃபைலை நானே எடுத்தேன், ஜன்னலை நானே சாத்தினேன், பீரோவை நானே திறந்தேன். உதவியாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினொன்றரை மணி. மேஸ்திரிம்மாவுக்கு வெயில் முகத்தில் அடித்தது. பாவமாக இருந்தது. வாய் தவறி உதவியாளரிடம் சொன்னேன்:

"அம்மாவுக்கு ஒரு டீ சொல்லுப்பா."

உதவியாளர் எழுந்து போனார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. டீயும் வந்தது. இஞ்சி போட்டு, கண்ணாடி டம்ளரில்.

மேஸ்திரிம்மா அதை வாங்கி மெதுவாகக் குடித்தார். டம்ளரை வைத்தார். நோட்டுக்குள்ளிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, பென்சிலை உருவினார். பென்சிலின் பின்பக்கம் ரப்பர் இருந்தது.

"நீ சொன்ன. அவரு செஞ்சாரு."

"உங்களுக்காகச் சொன்ன டீம்மா அது!"

"நல்லா இருந்துச்சு சார்" என்றார், தேய்த்துக்கொண்டே. ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

திருத்திய பட்டியலை மேஸ்திரிம்மாவே நகராட்சியில் கொடுத்தார். மூன்றாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. அச்சரப்பாக்கம். பட்டியலில் இல்லாத ஆளை யாரும் கேட்க வேண்டியதில்லையே. முதல் நாள் மூன்றாவது பஸ்ஸுக்காகச் செங்கல்பட்டில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"போய்ச் சேந்தியா சார்?"

"இன்னும் இல்லம்மா" என்றேன். எரிச்சலை மறைக்கவில்லை.

"அங்க டீ யாரு வாங்கினு வர்றாங்க?"

"நானே கடைக்குப் போய்க் குடிக்கறேன்" என்றேன். அந்த ஆபீஸை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

"ம்" என்றார் மேஸ்திரிம்மா. "புதன்கெயம எனுக்கு லீவு. வந்து பாக்கறேன்."

இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை வரவில்லை. ஆனாலும் புதன்கிழமைகளில் நான் எழுந்து, ரோட்டைக் கடந்து, கடையில் நின்றுதான் டீ குடிப்பேன். போன மாதம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனி அவருக்கு எல்லா நாளும் புதன்கிழமைதான். நானும் இப்போது தினமும் கடைக்குப் போகிறேன்.